பியாட்ரிஸ் அம்மா போட்ட நிபந்தனை

மயிலாப்பூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹம்சாவுக்கு,

இங்கே நான் நலம். அடையாறில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, அனு விஷயமாக எதுவானாலும் கையால் எழுதித் தபாலில் போடுங்கள் என்று குடும்ப நீதிமன்றத்துக் கவுன்சிலர் மேடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே லஸ்ஸிலிருந்து அங்கே உன் காந்தி நகருக்கு நான் பொடிநடையாக வந்தாலும் தபால்காரரை முந்திவிடுவேன். ஆனால் எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, பேனாவைப் பிடித்துக்கொண்டு கத்த முடிவதில்லை.

விஷயம் நாய்க்குட்டி. சனி, ஞாயிறு இங்கே வந்தால் நம் பெண்ணுக்கு வேறு பேச்சே இல்லை. லேப்ரடார்தான் வேண்டுமாம், அதுவும் கறுப்பு. பத்து வயது முடிகிறதே, வாங்கிக் கொடுக்கலாம் என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். நாம் இரண்டு பேரும் ஒத்துப்போய் ரொம்ப நாளாயிற்று என்பதால் உடனே காரியத்தில் இறங்கிவிட்டேன்.

இன்டர்நெட்டில் ஒரு விளம்பரம். சுத்தமான ஜாதி, சான்றிதழ் உண்டு என்று போட்டிருந்தது. போன் செய்தால் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே வரச் சொன்னான். பைக்கின் பின்னால் கட்டியிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு குட்டிகள், கண்ணெல்லாம் பீளை.

"இதோட அம்மா எங்கேப்பா?" என்றேன்.

"ஃபார்ம்ல கீது சார்."

"எந்த ஃபார்ம்?"

"நீ இன்னா, குட்டி வாங்க வந்தியா, அட்ரஸ் வாங்க வந்தியா?"

சான்றிதழ் கேட்டதற்கு, எந்தப் பெயரில் வேண்டுமோ சொல், போட்டுத் தருகிறேன் என்றான். நான் ஆடிட்டர், ஹம்சா. பொய்க் காகிதத்தை மோந்தே கண்டுபிடிப்பேன். இருந்தாலும் அந்தக் குட்டிகளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். நீ என்ன சொல்வாயோ என்று திரும்பிவிட்டேன். என்ன செய்யலாம், எழுது.

அன்புடன்,
ரங்கன்

அடையாறு
7 ஆகஸ்ட் 2025

அனுவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. வாங்காமல் வந்தீர்களே, நல்ல காரியம். என் ஆபீஸில் டீனா அப்படித்தான் பாவம் பார்த்து ஒரு குட்டி வாங்கினாள். வந்த வாரமே பார்வோ என்ற நோய் வந்து செத்துவிட்டது. அவள் பிள்ளைகள் இரண்டும் இன்னும் அது படுத்திருந்த மூலையைத் தாண்டிப் போவதில்லையாம். பாவப்பட்டு வாங்க வாங்க அந்த ஆள் இன்னும் நாலு பெட்டி கொண்டுவருவான்.

டீனா இப்போது விஷயம் தெரிந்தவள் ஆகிவிட்டாள். குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாதாம். தாய் நாயை அது இருக்கிற வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும், அது ஆளைக் கண்டு பயந்து ஒதுங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். லேப்ரடாருக்கு இடுப்பெலும்பு நோய் பரம்பரையாக வரும், அதனால் தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தருகிறேன் என்பவர் வாசலை மிதிக்கவே வேண்டாம். நல்லவர்கள் நம்மைத்தான் நூறு கேள்வி கேட்பார்களாம். கேட்காவிட்டால் சந்தேகப்பட வேண்டும் என்கிறாள். மயிலாப்பூரில் உங்களுக்குத் தெரிந்த கால்நடை டாக்டரைக் கேளுங்களேன்.

குட்டி உங்களிடம்தான் வளர முடியும். என் வீட்டு ஓனர் ஸ்ரீனிவாசராகவன் மாடிக்கு ஏறும் பல்லிக்கே வாடகை கேட்பவர். அதுவுமில்லாமல் நான் காலையில் பெருங்குடி ஆபீஸுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறேன். உங்களுக்கு முன்னறைதான் ஆபீஸ்.

ஒன்றே ஒன்று. இதில் அனுவிடமும் என்னிடமும் எதையும் மறைக்காதீர்கள். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று கும்பகோணத்திலிருந்து போன் வந்ததை, என் பிரசன்டேஷன் முடியட்டும் என்று ஒரு நாள் முழுக்க என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். நல்லதுக்குத்தான் என்றீர்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் வெளியே மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னாலும் நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அப்படிப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் தனியாக வந்தேன். பழசைக் கிளற எழுதவில்லை. நவம்பர் இருபதாம் தேதி கோர்ட்டில் இரண்டு பேரும் நின்று சம்மதம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அதுவரைக்குமாவது நேராக இருப்போம்.

அனுவுக்கு இருமல் தேவலை. ஐஸ்கிரீம் வாங்கித் தராதீர்கள்.

ஹம்சா

மயிலாப்பூர்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹம்சாவுக்கு,

கிடைத்துவிட்டது. டாக்டர் சொன்ன இடம். சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து, பியாட்ரிஸ் அம்மா என்று கேட்டால் குழந்தைகூட வழி காட்டுகிறது. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் இருப்பதே மூன்று நாய்கள்தான். எப்போதாவது ஒருமுறைதான் குட்டி போட விடுவாராம்.

கேட்டைத் திறக்கும் முன்பே என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். எக்ஸ்ரேயை நான் கேட்கவே இல்லை, அவரே கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்க சார், இது தாயி, இது தகப்பன்" என்று காட்டினார். தாய் நாயின் பெயர் சூசி. நேராக வந்து என் முழங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டது. குட்டிகளுக்கு இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை, அக்டோபர் தொடக்கத்தில் தருவாராம். கறுப்பில் ஒரு பெண் குட்டி இருக்கிறது.

டீனா சொன்ன நூறு கேள்வியும் வந்தது. என்ன சாப்பாடு போடுவீர்கள் என்றார். தயிர்சாதம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது இன்னா சார் பாவம் பண்ணுச்சு?" என்றார். அவர் தினம் நொச்சிக்குப்பம் போய் மீன் வாங்கிவந்து முள் எடுத்து வேகவைத்துப் போடுகிறாராம். கடைசியில் முட்டைக்குச் சம்மதித்துவிட்டு வந்தேன். பால்கனியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். நம் ஆத்துப் பெரியவர்கள் போட்டோவில் இருப்பதால் பிழைத்தேன்.

இனிமேல்தான் சொல்லத் தயங்கும் விஷயம். அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற வீடாக இருந்தால்தான் குட்டி. முன்பு பிரிந்துபோன ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் அது திண்டாடித் திரும்பி வந்ததாம். அதிலிருந்து பிரிந்தவர்களுக்குக் கொடுப்பதில்லையாம்.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிறு மத்தியானம் வருகிறார். அன்றைக்கு மட்டும் நீ வந்து இருந்தால் போதும். அனுவுக்காகக் கேட்கிறேன்.

அன்புடன்,
ரங்கன்

அடையாறு
22 ஆகஸ்ட் 2025

அனுவின் அப்பாவுக்கு,

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாய்க்குட்டிக்காகப் பொய்யாகக் குடித்தனம் நடத்திக் காட்டச் சொல்கிறீர்கள். அந்த அம்மாவிடம் நானே பேசிப் பார்க்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அனு வந்து, "சூசிக்கு மூக்குல ஒரு வெள்ளை முடி இருக்காம், அப்பா சொன்னா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பேசப் போய்க் குட்டி கிடைக்காமல் போனால் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது.

வருகிறேன். விளக்கேற்றுவதற்குள் கிளம்பிவிடுவேன். அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். அனுவுக்கு எதையும் சொல்லிக் கொடுத்துத் தயார் செய்யக் கூடாது. கேட்டால் அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும்.

ஹம்சா

மயிலாப்பூர்
1 செப்டம்பர் 2025

அன்புள்ள ஹம்சாவுக்கு,

நேற்று நீ போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. காலையில் பியாட்ரிஸ் அம்மா போன் செய்தார். கறுப்புக் குட்டி நமக்குத்தான். நமக்கு என்று எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

மனுஷி சாமானியப்பட்டவர் இல்லை. பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்ததென்ன, சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்ததென்ன, என் சார்ஜர் வயரெல்லாம் மேலே ஏறியாக வேண்டும் என்று உத்தரவு போட்டதென்ன. நீ நடுவில் காபி போடப் போய்விட்டாய், அதனால் இடையில் பேசினது உனக்கு முழுதாகக் கேட்டிருக்காது. அனுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "காலைல உங்க வூட்ல யாரு பாப்பா முதல்ல எழுந்துப்பாங்க?" என்று கேட்டார்.

"அம்மாதான். அம்மா எழுந்து காபி போட்டு அப்பாவுக்குக் குடுத்துட்டு என்னை எழுப்புவா. அப்பா பேப்பர் படிச்சிண்டே எனக்குத் தலை வாரி விடுவா, கோணலா வாருவா, அம்மா மறுபடி பிரிச்சுப் பின்னுவா. சாயங்காலம் மூணு பேரும் குளத்தைச் சுத்தி நடப்போம். இனிமே நாலு பேர்" என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியம். நீ சொன்னபடியே இருந்தேன். குழந்தை மனதில் நாம் இன்னும் பிரியவில்லை, ஹம்சா. யோசித்துப் பார். நவம்பர் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அக்டோபரில் குட்டி வரும்போது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நீயே ஒரு நல்ல முடிவு சொல்லு.

அன்புடன்,
ரங்கன்

அடையாறு
9 செப்டம்பர் 2025

அனுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் நுழைந்தபோது எல்லா டப்பாவும் நான் வைக்கும் இடத்திலேயே இருந்தது. நான் இல்லாதபோது நீங்கள் அப்படி வைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்காக மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்ததும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அனு சொன்னதும் எனக்குக் காதில் விழுந்தது. அவள் சொன்னதில் ஒன்றுகூட இப்போது நடப்பதில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னைக் கேட்டாள், "நான் நன்னா சொன்னேனாம்மா? அவா நம்பிட்டாளா?" என்று. நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். சொல்லிக் கொடுக்காமலே வந்துவிட்டதே என்றுதான் எனக்குப் பயம்.

அதைச் சுமந்துகொண்டு இருக்க முடியவில்லை. முந்தாநாள் நேராகச் சாந்தோம் போனேன். குட்டி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அனுவை நானே சமாதானம் செய்துகொள்கிறேன், அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று. நாங்கள் சேர்ந்து இல்லை, உங்கள் நிபந்தனைக்காக நடித்தோம், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் சூசிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னா நிபந்தனை?" என்றார்.

சொன்னேன்.

"நான் எப்பம்மா அப்படி சொன்னேன்? எங்க வூட்டுக்காரர் போனதுலேர்ந்து நானே ஒத்தையாதான் இதுங்களோட இருக்கேன். பகல்ல யாரு கூட இருப்பாங்க, உங்களால முடியலன்னா யாரு பாத்துக்குவாங்க, இதான் கேட்டேன். முடியலன்னா வேற எங்கயும் தள்ளாம எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வாங்க, என் சம்சாரமும் இருப்பாங்கன்னு சார்தான் கூப்ட்டாரு."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் மேலும் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "குட்டி பாப்பாவுக்குன்னு சொன்னாரு. எனக்கு என்னமோ அவருக்குத்தான் வேணும்போல கீது. ஒத்தையா இருக்காரு இல்ல, அவருக்கே குடுக்கறேன். நீ அழுவாத." அதனால் குட்டி உங்களுக்கு உண்டு. அக்டோபரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

இல்லாத நிபந்தனைக்குப் பயந்து நான் என் பெண்ணைப் பொய் சொல்ல விட்டேன். என்னை வரவழைக்க வேண்டும் என்றால் வா என்று எழுதியிருக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் நேராக ஒன்றைக் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் சுற்றி வளைத்து, நான் அதற்குள் வந்து நிற்கும்படி செய்துவிடுவீர்கள். இதற்கும் நல்லதுக்குத்தான் என்று பதில் எழுத வேண்டாம்.

ஹம்சா

மயிலாப்பூர்
5 அக்டோபர் 2025

அன்புள்ள ஹம்சாவுக்கு,

நல்லதுக்குத்தான் என்று எழுத மாட்டேன். நிபந்தனை நான் கட்டிவிட்டதுதான். அன்று சாந்தோமிலிருந்து வரும் வழியில் தோன்றியது, வீட்டுக்கு வருவதற்குள் எனக்கே அது உண்மை போல் ஆகிவிட்டது.

குட்டி நேற்று வந்தது. அனு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பியாட்ரிஸ் அம்மா சூசி படுத்த துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார், வாசனை இருந்தால் தேடாதாம். சான்றிதழில் ஏதோ ராணியின் பெயர் நீளமாக இருக்கிறது. அனு மிளகு என்று கூப்பிடுகிறாள். நான் பால்கனியில் நின்று முட்டை வேகவைக்கிறேன், எதிர் பிளாட் மாமி ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். மிளகு என் செருப்பின்மேல்தான் தூங்குவேன் என்கிறது. அனுவிடம் அன்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன் மேல் தப்பில்லை, அப்பாதான் அம்மாவிடம் பொய் சொன்னேன் என்றேன். அவள் மிளகின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் உன்னை நேராக ஒன்றும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். இந்த ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் நீ முடியாது என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. கல்யாணம் ஆன அன்றிலிருந்தே அந்தப் பயம்தான். இப்போது கேட்கிறேன். திரும்பி வருவாயா, ஹம்சா? அனுவுக்காக வேண்டாம், மிளகுக்காகவும் வேண்டாம். நீ இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

ரங்கன்

அடையாறு
12 அக்டோபர் 2025

அன்புள்ள ரங்கனுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

தீபாவளிக்கு மிளகை வெளியே விடாதீர்கள். வெடிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அனு தீபாவளிக்கு உங்களோடு இருக்கட்டும், எனக்குச் சம்மதம். அவளிடம் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. வந்ததும் என்னிடம் சொன்னாள். அன்று இரவு என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள், பிறகு நன்றாகத் தூங்கினாள்.

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். டீனா பயந்துபோய் என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன். நவம்பர் இருபதாம் தேதி கோர்ட்டில் சம்மதம் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தவரைக்கும் திரும்பி வருவோம் என்று எங்கேயோ நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காபி கலந்துகொண்டிருந்தபோது நீங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். கூடத்தில் அனு பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் வாயைத் திறப்பதைப் பார்த்து நான் அடுப்பை அணைத்துவிட்டேன். இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இருந்திருப்பேன். பையில் ஒரு மாற்றுப் புடவைகூட எடுத்துவந்திருந்தேன். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு போடலாம் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள்.

ஹம்சா